ஆக்ஸிஜன் சாவியும் 'இல்லை' நோட்டும்

2014 ஜூன். தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிற ஒரு அம்மாவை அவருடைய மகள் ஆட்டோவில் கொண்டுவந்தாள். அந்த அம்மாவால் இறங்கவே முடியவில்லை. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறார், உதடெல்லாம் நீலம். "சிஸ்டரே, அம்மைக்கு மூச்சு முட்டுது, ஒண்ணு வேகம் பாருங்க" என்று மகள் என் கையைப் பிடித்து இழுக்கிறாள். நான் நெபுலைசரில் மருந்தை ஊற்றுகிறேன், டியூட்டி டாக்டர் ஆக்ஸிஜன் போடச் சொல்கிறார், பணியாளர் அண்ணன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருகிறார். சிலிண்டர் நிறைய ஆக்ஸிஜன் இருக்கிறது. அதைத் திறக்கிற சாவியைக் காணோம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், அது விரல் நீளத்துக்கு ஒரு இரும்பு, நுனியில் சதுரமாக ஒரு துளை, அவ்வளவுதான். மேஜை டிராயர், ஊசி அலமாரி, ஜன்னல் திட்டு எல்லாம் தேடியாகிவிட்டது. கடைசியில் பிரசவ வார்டில் இருந்தது. சாயங்காலம் ஒரு குழந்தைக்காக வாங்கிப்போனவர்கள் திருப்பித் தரவில்லை. மழையில் ஓடிப்போய் எடுத்துவர நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ ஆனது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, வாங்காமல் இருக்கவும் முடியவில்லை.

அன்று டியூட்டி முடிந்ததும் எதிர்க்கடையில் இரண்டு முழம் கயிறு வாங்கிவந்து சாவியை சிலிண்டர் வண்டியோடு கட்டினேன். பத்து ரூபாய்கூட ஆகவில்லை. கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது, ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியும் இந்தக் கயிறு எனக்குத் தோன்றவே இல்லை. கேஷுவாலிட்டி, அதாவது அவசரப் பிரிவு, ஏன் இப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் எங்களிடம் ஒரே பதில்தான், ஃபண்ட் இல்லை, ஆள் இல்லை, மிஷின் இல்லை. நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிற ஒரு அரசு மருத்துவமனை அது. பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்தில் பாம்பு கடித்தவர், தென்னையிலிருந்து விழுந்தவர், வலையோடு கெளுத்தி முள்ளும் கையில் ஏறியவர், தேசிய நெடுஞ்சாலையில் பைக்கை விட்டவர் என்று எல்லாருக்கும் முதல் வாசல் எங்களுடையதுதான். பெரிய சிகிச்சை என்றால் கிழக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ், மேற்கே களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம். நடுவில் இருக்கிற நாங்கள் என்ன செய்தோம், எதில் சறுக்கினோம் என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. இதே மாதிரி ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு உதவலாம்.

கயிறு கட்டிய வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். அட்டையில் 'இல்லை' என்று மட்டும் எழுதினேன். கேஷுவாலிட்டியில் யார் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்தாலும் அதில் ஒரு வரி எழுத வேண்டும். தேதி, நேரம், என்ன இல்லை, கடைசியில் எங்கே கிடைத்தது, கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது. ஆள் பெயர் எழுதக் கூடாது என்பதை நான் முதலிலேயே சொல்லவில்லை, அது என் தப்பு. சிஸ்டர் புகார் நோட்டு போடுகிறாள் என்று பேச்சு கிளம்பி, முதல் இரண்டு வாரம் என் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்தே அதில் இல்லை. அப்புறம் ஒருநாள் என் பிழையையே எழுதினேன், "குளுக்கோஸ் ஸ்ட்ரிப் இல்லை, நேற்று நான் இன்டென்ட் போட மறந்தேன்" என்று (இன்டென்ட் என்றால் ஸ்டோருக்கு எழுதுகிற தேவைச் சீட்டு). அதைப் படித்த பிறகுதான் மற்றவர்களும் பேனாவை எடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மூத்த சிஸ்டரும் நானும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். நிஜமாகவே மருத்துவமனையில் இல்லாத பொருள் கொஞ்சம்தான். பாதிக்கு மேல், இருந்தும் கையில் கிடைக்காதவை: கத்தரி, உறிஞ்சு குழாய், குழந்தைக்கான மாஸ்க், பீரோ சாவி (பீரோ சாவி மட்டும் ஏழெட்டு தடவை வந்திருந்தது, அதை வைத்திருந்தவர் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்). மிச்சம், இருந்தும் ஓடாதவை: பேட்டரி செத்த லாரிஞ்சோஸ்கோப் (தொண்டைக்குள் வெளிச்சம் காட்டி மூச்சுக்குழாய் போட உதவும் கருவி), பேப்பர் தீர்ந்த இசிஜி மிஷின், பாட்டிலின் மூடி வெடித்ததால் காற்றை மட்டும் இழுக்கிற சக்ஷன் (சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சும் மிஷின்). இதில் எதற்கும் கோட்டையிலிருந்து அரசாணை வர வேண்டியதில்லை.

பொருட்களுக்கு இடம் ஒதுக்குவது கேட்கச் சின்ன வேலை, செய்யப் பெரிய வேலை. ஒரு பழைய டிரெஸ்ஸிங் வண்டியைத் தேய்த்து பெயின்ட் அடித்து மேல்தட்டில் மூச்சுக்கானவை, நடுத்தட்டில் ரத்த ஓட்டத்துக்கானவை, கீழே மற்றவை என்று வைத்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் மார்க்கரால் அதன் உருவத்தை வரைந்தோம். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற அம்பு பேக் இல்லாவிட்டால் அந்த இடத்தில் அம்பு பேக்கின் கோடு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு தெரியும். லாரிஞ்சோஸ்கோப்புக்குள் பேட்டரியைப் போட்டே வைத்தால் கசிந்து பாழாகிறது, அதனால் வெளியே எடுத்து கைப்பிடியோடு சேர்த்து டேப் ஒட்டி வைத்தோம், ஷிஃப்ட் மாறும்போது போட்டு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்து ஒட்ட வேண்டும்.

செக்லிஸ்ட்டும் போட்டோம். அதில் பெரிதாக ஏமாந்தோம். மூன்றாம் மாதம் பார்த்தால் முப்பது நாளுக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக். மாத முதல் தேதியே உட்கார்ந்து மொத்தமாகப் போட்டுவிட்டார்கள்! கோபப்பட்டுப் பயனில்லை. ராத்திரி டாக்டரைத் தவிர இரண்டு பேர் இருக்கிற இடத்தில் நாற்பது ஐட்டத்தை மூன்று ஷிஃப்டும் எண்ணச் சொன்னது எங்கள் முட்டாள்தனம். அப்புறம் மாற்றிக்கொண்டோம். டிரேயை முழுசாக நிரப்பி, குறுக்கே சிவப்பு டேப் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து. டேப் கிழியாமல் இருந்தால் எண்ண வேண்டாம், கிழித்தவர்தான் நிரப்பி மறுபடி ஒட்ட வேண்டும். தினமும் பார்க்க வேண்டியவை ஐந்தே ஐந்து என்று குறைத்தோம்: ஆக்ஸிஜன், சக்ஷன், அம்பு பேக், லாரிஞ்சோஸ்கோப், இசிஜி. அதையும் டிக் அடிக்கச் சொல்லவில்லை, ஓட்டிக் காட்டச் சொன்னோம்.

ஆக்ஸிஜன் விஷயத்தில் இன்னொன்று. பி டைப் சிலிண்டரில் நிறைய இருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஐந்து மணி நேரம், 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம். மீட்டர் முள் பாதியில் நின்றால் இதில் பாதி. இந்தக் கணக்கை அட்டையில் எழுதி சிலிண்டர் கழுத்தில் தொங்கவிட்டோம். ஏனென்றால் எங்களிடமிருந்து ஆசாரிபள்ளம் போகிற ரோடு எப்படிப்பட்டது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2018-ல் மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலம் வந்த பிறகும், சாயங்கால நேரத்தில் தக்கலை வழியாக ஆம்புலன்ஸ் நகர்வது பெரும் பாடு. கால் சிலிண்டரோடு அனுப்பிவிட்டு வழியில் தீர்ந்துபோனால் யாரைக் கேட்பது?

சரி, பொருள் ஒழுங்காச்சு. அடுத்தது ஆள் வரிசை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாங்கள் அதிகம் பாடம் படித்தோம்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி. எங்கள் பக்கம் அன்றைக்கு வீட்டுக்கு வீடு ஸ்டார், தெருத்தெருவாகப் பாட்டு, ரோடெல்லாம் பைக். பத்து மணிக்கு மேல் ஒரே நேரத்தில் மூன்று பைக் விபத்து. பையன்கள் தலையில் ரத்தம், கூட வந்தவர்கள் இருபது பேர், வார்டு உறுப்பினர் போனில் டாக்டரோடு சத்தம். அந்தக் களேபரத்தில் வாசல் பெஞ்சில் ஒரு தாத்தா, வேட்டியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். நான் கடக்கும்போது, "வாயு கேறிட்டு மக்ளே, ஒரு ஊசி போட்டா செரியாவும், நீ அவங்களப் பாரு" என்றார். நானும் பார்க்கப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவருக்கு இசிஜி எடுத்தோம். பெரிய மாரடைப்பு. அன்றைக்கு ரத்தத்தோடு வந்த பையன்களில் ஒருவனுக்குக்கூட தையலுக்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. தாத்தா மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார், அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை.

இதை நோட்டில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எது இல்லை என்று எழுத? கடைசியில் "வாசலில் ஆள் இல்லை" என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு பழக்கத்தை மாற்றினோம். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு பி.பி. கருவி, ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர். கூட்டமான நேரத்தில் ஒரு நர்ஸ் அங்கேயேதான் நிற்க வேண்டும், உள்ளே எவ்வளவு வேலை இருந்தாலும் கூப்பிடக் கூடாது. வருகிறவரைப் பார்த்து ஒரு நிமிடத்துக்குள் சிவப்பா மஞ்சளா பச்சையா என்று முடிவு. மூச்சு, நாடி, நினைவு, ரத்தப்போக்கு, இந்த நான்கில் எது கெட்டிருந்தாலும் சிவப்பு, நேரே உள்ளே. நடுத்தர வயது தாண்டியவர் நெஞ்சு, தாடை, மேல்வயிறு, இடது கை என்று எங்கே வலி சொன்னாலும், அவரே வாயு என்று சத்தியம் செய்தாலும், முதலில் இசிஜி. வந்து பத்து நிமிடத்துக்குள் இசிஜி என்பது உலகம் முழுக்க உள்ள வழிகாட்டி, நாங்கள் அதை அந்தத் தாத்தாவிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

ஓ.பி. சீட்டு ஒரு பெரிய தடை. சீட்டு வாங்கிவிட்டு வா என்று சொல்லிப் பழகிய வாய், உயிர் போகிறவரிடமும் அதையே சொல்லும். சிவப்புக்குச் சீட்டு பிறகு என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்தோம். பதிவு அறை அண்ணாச்சி சண்டைக்கு வந்தார், ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்று. அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் பத்து எண்களை முன்கூட்டியே ஒதுக்கி, எண் போட்ட வெற்றுச் சீட்டுகளை எங்களிடமே தந்துவிடச் சொன்னோம், பெயர் விவரம் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். சண்டை அதோடு தீர்ந்தது. ஒரு ரூபாய் செலவில்லை, ஆனால் இதற்கு மூன்று மீட்டிங் தேவைப்பட்டது.

இசிஜி மிஷின் அடுத்த கட்டிடத்தில் பூட்டிய அறையில் இருந்தது. அதைக் கேஷுவாலிட்டிக்குள் கொண்டுவர ஒரு கடிதம் போதும் என்று நினைத்தேன், நான்கு எழுத வேண்டியதாயிற்று. வந்த பிறகு டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். சந்தேகமான இசிஜியை உடனே வாட்ஸப்பில் மூத்த மருத்துவருக்கு அனுப்புவது, பதில் வருவதற்குள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் தயாராக வைத்திருப்பது. டாக்டர் சொன்ன அளவிலேயே மூன்று மாத்திரையையும் ஒரே சின்ன கவரில் போட்டு, அளவை மேலே எழுதி, பத்து கவர் டிரேயில் வைத்தோம். பிறகு 2023-ல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்த மாத்திரைகளை வைக்க ஆரம்பித்தார்கள் என்று கேட்டபோது எங்கள் கவர்தான் நினைவுக்கு வந்தது.

வர்ணம் பிரிக்கிற வேலையை நாங்கள் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சில வருடத்தில் தாய் (TAEI) என்கிற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்தது, தமிழ்நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தனித்தனி இடமே ஒதுக்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் தரையில் பெயின்ட் அடித்துவிட்டால் போதும் என்று சில இடங்களில் நினைத்துவிட்டார்கள். சிவப்புக் கோட்டுக்குள் தள்ளுவண்டிகளும் உடைந்த கட்டிலும் கிடப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

பாம்புக்கடி பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்க் கேஷுவாலிட்டியைப் பற்றி எழுத முடியாது. ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போவார்கள். காய்ந்த இலைக்குள் எது கிடக்கிறது என்று தெரியாது. கடித்தவர் வந்ததும் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். புது, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம், இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, ஒரே தடவை சாய்த்துப் பார்ப்பது. செலவே இல்லாத பரிசோதனை. அதிலும் ஒருநாள் கோட்டை விட்டோம். குழாய் தீர்ந்துபோய், சோப்பு போட்டுக் கழுவிய பழைய குழாயில் எடுத்தார்கள். சோப்பின் மிச்சம் இருந்தால் நல்ல ரத்தமும் உறையாது. உறையவில்லை, விஷம் ஏறிவிட்டது என்று பத்து குப்பி விஷமுறிவு மருந்தைக் கரைத்து ஏற்ற ஆரம்பித்தோம். அவருக்கு உடம்பெல்லாம் தடித்து, பி.பி. இறங்கி, அட்ரினலின் போட்டுத்தான் மீட்டோம். பிறகு புதுக் குழாயில் எடுத்தால் ரத்தம் அருமையாக உறைந்திருந்தது. விலை கூடிய மருந்தும் வீண், ஆளுக்கும் ஆபத்து, காரணம் சில ரூபாய்க் குழாய். அன்றிலிருந்து புதுக் குழாய் பெட்டி ஒன்று தனியாக, 'பாம்புக்கு மட்டும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு அலாரம் கடிகாரத்தோடு இருக்கும்.

இன்னொன்று. நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். மலையோரத் தோட்டங்களில், மூக்கு மேல்நோக்கித் தூக்கிய குட்டையான குழி விரியன் ஒன்று உண்டு, அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. அதனால் தூர நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் டாக்டருக்கு உதவும். எடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை, பாம்பைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒருவர் பெயின்ட் வாளியில் உயிரோடு பிடித்துக்கொண்டே வந்துவிட்டார். அதைப் பார்த்து ஓடிய கூட்டத்தில் நானும் ஒருத்தி.

கடற்கரைக்காரர்களுக்குக் கெளுத்தி, திருக்கை முள். வலியில் பெரிய ஆண்கள்கூட அலறுவார்கள். நாங்கள் வலி ஊசியாகப் போட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முதல் வைத்தியம் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர், 45 டிகிரி அளவுக்கு, அதில் கையையோ காலையோ அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைப்பது. அந்த விஷம் சூட்டில் அழியும். முள் குத்திய கை மரத்திருக்கும், சூடு தெரியாமல் வெந்துபோகும், அதனால் நல்ல கையை முதலில் விட்டுப் பார்க்க வேண்டும். கேஷுவாலிட்டியில் நாங்கள் நர்ஸுகள் சேர்ந்து ஒரு எலக்ட்ரிக் கெட்டில் வாங்கினோம். மருந்து ரெஜிஸ்டரில் அதற்கு இடமே இல்லை. ராத்திரி கட்டன் சாயாவுக்கும் அதுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி பணம். இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் பணமே வேண்டாமே என்று யாராவது மேலதிகாரி நினைத்தால் நான் இதை எழுதியதே தப்பு. மானிட்டர் கயிற்றில் தொங்காது. இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கிற டிஃபிப்ரிலேட்டருக்கு மார்க்கரால் உருவம் வரைந்தால் ஷாக் வராது. ஆனால் பணம் கேட்கப் போகும்போது அந்த நோட்டு பெரிய உதவி செய்தது. "வசதி போதவில்லை" என்று எழுதிய கடிதங்கள் பல வருடமாக ஃபைலில் தூங்கின. "ஜூலை முதல் செப்டம்பர் வரை மானிட்டர் இல்லாமல் இத்தனை சிவப்பு நோயாளிகளை வைத்திருந்தோம், இத்தனை பேரை அதனாலேயே வேறு இடத்துக்கு அனுப்பினோம்" என்று தேதி வாரியாக எழுதிய கடிதத்துக்கு ஆறு வாரத்தில் பதில் வந்தது.

எங்கே கேட்பது என்பதும் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. மருந்துகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து வரும், 1994-ல் தொடங்கியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு, வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு எடுக்கலாம், எடுக்க எடுக்கக் கழியும். சும்மா பழைய இன்டென்ட்டையே காப்பியடித்து அனுப்பினால் வேண்டாத மருந்தில் பணம் போய், வேண்டிய அட்ரோபினுக்கு மிச்சம் இருக்காது. எங்கள் ஃபார்மசிஸ்ட் நோட்டைப் பார்த்து இன்டென்ட்டை மாற்றியதே பெரிய மாற்றம். சின்னச் சின்ன ரிப்பேருக்கு நோயாளர் நலச் சங்க நிதி. அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், அரசு மருத்துவமனையில் செய்கிற சிகிச்சைக்கும் அதில் தொகை வரும், ஒரு பகுதியை மருத்துவமனை வசதிக்குச் செலவிடலாம். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் பேப்பர் சரியாக இல்லாவிட்டால் வர வேண்டிய பணம் வராது. ராத்திரி அவசரத்தில் விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காகத் திரும்பிவந்த ஃபைல்களை எண்ணிப் பார்த்தபோது, பணம் இல்லை என்று புலம்ப எங்களுக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. காலை ஷிஃப்டில் ஒருவர் முந்தைய ராத்திரி ஃபைலை அரை மணி நேரம் பார்க்கிற வழக்கம் அப்படித்தான் வந்தது.

நன்கொடை கொடுக்க எங்கள் மாவட்டத்தில் ஆள் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கிற பிள்ளைகள், கோயில், சர்ச், வியாபாரிகள். கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் வீல்சேரும் குடிநீர் இயந்திரமும்தான் பிடிக்கும், பெயர் எழுத இடம் இருக்கிறதே! இசிஜி பேப்பர் ரோலில் பெயர் எழுத முடியாது. எங்களிடம் ஒரு காலத்தில் பதினொரு வீல்சேர் இருந்தது, சக்ஷன் ஒன்று. அப்புறம் வேண்டியவற்றை விலையோடு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டோம், யாராவது என்ன வேண்டும் சிஸ்டர் என்று கேட்டால் வாயால் சொல்லாமல் தாளை நீட்டுவோம். சூப்பரிண்டென்ட் வழியாக முறைப்படி ஸ்டாக் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரிப்பேர் ஆகும்போது அது யாருடைய பொருளும் இல்லை.

எங்கள் டாக்டர் ஒருமுறை சொன்ன வழக்கு எனக்கு மறக்காது. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒவ்வொரு அரசு மருத்துவமனையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தருவது அரசின் கடமை, நிதி இல்லை என்பதைக் காரணமாகக் காட்ட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. நாங்கள் அனுப்பிய ஒரு கடிதத்தில் டாக்டர் அதையும் ஒரு வரி சேர்த்தார். தைரியசாலி. நானாக இருந்தால் சேர்த்திருக்க மாட்டேன்.

ரெஃபர் பண்ணுவதிலும் பணம் செலவில்லாமல் உயிர் காப்பாற்ற முடியும். முன்பு சீட்டில் 'மேல் சிகிச்சைக்கு' என்று எழுதி 108-ல் ஏற்றிவிடுவோம். பிறகு ஏற்றுமுன் அங்கே டியூட்டியில் இருப்பவருக்குப் போன், சீட்டின் தலையில் பெரிய எழுத்தில் நேரம்: வலி எப்போது ஆரம்பித்தது, எப்போது வந்தார், என்ன மருந்து எத்தனை மணிக்கு. பக்கவாதம் என்றால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் முக்கியம், அங்கே ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம். விபத்து என்றால், தூக்கிக்கொண்டு வந்தவருக்குத்தான் நேரம் தெரியும், அவரோ போலீஸுக்குப் பயந்து ஓடப் பார்ப்பார். பெயர் சொல்ல வேண்டாம், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே உங்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி, ஒரு கட்டன் சாயா கொடுத்து உட்காரவைத்தால் எல்லாம் சொல்வார். (கெட்டிலுக்கு இன்னொரு பயன்.)

தீர்க்க முடியாததையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு பணியாளர். ஒரே நேரத்தில் இரண்டு சிவப்பு வந்தால் எந்த நோட்டும் உதவாது. வருகைப் பதிவேட்டில் நேரத்தைக் கூட்டிப் பார்த்ததில் சாயங்காலம் ஆறு முதல் பத்து வரைதான் கூட்டம் என்று தெரிந்தது, அதனால் ஒரு நர்ஸின் ஷிஃப்டைப் பிற்பகலுக்குத் தள்ளினோம். அதுவும் அவளுடைய சம்மதத்தோடு, அவளுடைய பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டிவர மாமியார் இருந்ததால்தான் நடந்தது. தொகுப்பூதியத்தில் இருக்கிற பிள்ளைகள் இரண்டு வருடத்தில் எல்லாம் கற்றுக்கொண்டு, மூன்றாம் வருடம் வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு புது முகத்துக்கும் வண்டியின் மூன்று தட்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற வரை காட்டிக்கொடுப்பது, அது ஒன்றுதான் எங்களால் முடிந்தது.

கொரோனாவுக்குப் பிறகு அந்த மருத்துவமனைக்கு ஆக்ஸிஜன் பைப்லைனே வந்துவிட்டது. எனக்கும் மாறுதல் வந்து வேறு இடம் போய்விட்டேன். போன வருடம் மாமியாருக்கு மூச்சு முட்டி அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற பிள்ளைக்கு என்னைத் தெரியாது. மாமியாரின் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, "சிவப்பு, நேரே உள்ளே கொண்டு போங்க, சீட்டு அப்புறம்" என்றாள். உள்ளே மாஸ்க் போட்டு மாமியாருக்குக் கொஞ்சம் ஆசுவாசமானதும், எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக மூலையில் பழைய பி சிலிண்டர் நின்றதைப் பார்த்தேன். சாவி கட்டியிருந்தது. கயிறு என்னுடையது இல்லை, பச்சை நைலான், யாரோ புதிதாக மாற்றியிருக்கிறார்கள். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன்.

"அக்கா, அதத் தொடாதீங்க" என்றாள் அந்தப் பிள்ளை, "அது அங்கதான் இருக்கணும்."